கேள்வி – பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஏன் கத்தி முனையாகிறது?

கேள்வி: செவர்லே 350 ஸ்மால் பிளாக் வி-8 என்ஜின். பில்லெட் ஸ்டீல் (ஒரே ஸ்டீல் கட்டியிலிருந்து கடைந்த) ரோலர் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்), ஹை வால்யூம் ஆயில் பம்ப், 20டபிள்யூ-50 ஆயில் போட்டிருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி) கியரின் பற்கள் சில மாதங்களிலேயே கத்தி முனை போல் தேய்ந்துவிட்டன. புதிய கியர் போட்டேன், அதுவும் அதே வழியில் போகிறது. எந்தக் கியர் வாங்குவது?

பதில்: எந்தக் கியர் என்பதற்கு முன்னால், அந்தக் கியர் என்ன சுமக்கிறது என்று பாருங்கள். இந்த என்ஜினில் கேமில் உள்ள கியர்தான் டிஸ்ட்ரிபியூட்டர் கியரைச் சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் சுழற்றுவது லேசான வேலை. அதே ஷாஃப்ட்டின் அடிமுனைதான் ஒரு ராட் வழியாக ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. பல்லைத் தின்பது பெரும்பாலும் அந்தப் பம்பின் சுமைதான். நீங்கள் பம்பைப் பெரிதாக்கி, கெட்டியான ஆயிலும் ஊற்றியிருக்கிறீர்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை மிதித்தால், அந்த முழுப் பாரமும் இரண்டு மூன்று பற்களின் மேல் விழுகிறது.

பேரிங் இடைவெளி 0.002 முதல் 0.0025 அங்குலத்துக்குள் இருந்தால் சாதாரண அளவு பம்பே போதும். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்கு இன்றும் சரிதான். அதற்கு மேல் அழுத்தம் தேடிப் பம்புக்குக் கடினமான ரிலீஃப் ஸ்பிரிங் (மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வின் ஸ்பிரிங்) போடுவது கியருக்குச் செய்யும் கெடுதல். தெருவில் ஓடும் வண்டி என்றால், மேலே சொன்ன பேரிங் இடைவெளிக்கு 10டபிள்யூ-30 போதுமானது.

இனி உலோகம். சாதாரண வார்ப்பிரும்புக் கியர், வார்ப்பிரும்பு ஃபிளாட் டேப்பெட் கேமுக்கு (ரோலர் இல்லாத பழைய வகை) உரியது. அதைப் பில்லெட் ஸ்டீல் கேமோடு ஓடவிட்டால் விரைவில் தேயும். உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டீல் கேமுக்கு மூன்று வழிகள் உண்டு:

மெலனைஸ் செய்த ஸ்டீல் கியர் (மேல்பரப்பு கடினமாக்கப்பட்டது) நீண்ட நாள் ஓடும். தெரு வண்டிக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. ஆனால் இந்தக் கியர் பொருந்துமா என்று கேம் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். சில ஸ்டீல் கேம்களில் கியர் மட்டும் வார்ப்பிரும்பில் தனியாக அழுத்திப் பொருத்தியிருப்பார்கள்; அதற்கு வார்ப்பிரும்புக் கியரே சரி.

வெண்கலக் (பிரான்ஸ்) கியர், கேமைக் காப்பாற்றத் தானே தேய்வதற்காகச் செய்யப்பட்டது. பந்தய என்ஜினில், அடிக்கடி கழற்றிப் பார்ப்பவருக்கு நல்லது. ஓட்டிக்கொண்டே மறந்துவிடுபவருக்கு வேண்டாம்.

கம்போசிட் (கலப்புப் பொருள்) கியர் வார்ப்பிரும்பு, ஸ்டீல் என இரு வகைக் கேமோடும் ஒத்துப்போகும், விலைதான் கூடுதல்.

வாங்கும்போது ஷாஃப்ட் விட்டத்தை அளந்து சொல்லுங்கள். ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனம்) டிஸ்ட்ரிபியூட்டர் 0.491 அங்குலம், எம்.எஸ்.டி. போன்ற பிற தயாரிப்புகள் 0.500. மாட்டும்போது கியரில் உள்ள குழிப்புள்ளி, ரோட்டார் (ஷாஃப்ட்டின் மேல் சுழலும் கை) நுனி காட்டும் திசையில் இருக்க வேண்டும். பற்கள் 13, ஒற்றைப்படை என்பதால், கியரைத் திருப்பி மாட்டினால் அரைப் பல் அளவு நேரம் மாறிவிடும்.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டர் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) ஒரு சிறு பள்ளம் அறுத்தால் கியருக்கு ஆயில் கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம், பலன் உண்டு. ஹவுசிங்கின் அடிப்பகுதியில் கியருக்கு மேலே இருக்கும் பட்டை, லிஃப்டர் கேலரியின் (பிளாக்கில் உள்ள ஆயில் பாதை) ஆயிலை அடைத்து நிற்கிறது. அந்தப் பட்டையின் குறுக்கே 0.030 அங்குல அகலம், 0.030 அங்குல ஆழத்தில் ஒரு கோடு அறுத்தால், அழுத்தத்தோடு வரும் ஆயில் கியர் மேல் பீய்ச்சும். கோடு, கேம் கியரோடு பல் கவ்வும் இடத்தை நோக்கியிருக்க வேண்டும். ஆகவே டைமிங்கை இறுதி செய்து, ஹவுசிங் எந்தக் கோணத்தில் நிற்கிறதென்று குறித்த பிறகே அறுங்கள். ஆழத்தை மிஞ்சினால் ஐடிலில் ஆயில் அழுத்தம் சரியும்.

கேள்வி: ஹெட், பிளாக் இரண்டின் மேற்பரப்பையும் கடைந்து உயரம் குறைத்த பிறகே தேய்மானம் ஆரம்பித்தது. தொடர்பு இருக்குமா?

பதில்: நிச்சயம் இருக்கலாம். கடைந்த அளவுக்கேற்ப மேனிஃபோல்டு (டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும், காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்த் தொகுதி) கீழே இறங்கும், அதோடு டிஸ்ட்ரிபியூட்டரும் இறங்கும். பல் கவ்வும் இடம் நடுவை விட்டு விலகும். சில சமயம் ஷாஃப்ட் பம்ப் ராடை நேராக அழுத்தும். சோதிப்பது எளிது. கேஸ்கெட், கிளாம்ப் இரண்டும் இல்லாமல், முதலில் பம்ப் ராடை எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள். காலர் (ஹவுசிங்கைச் சுற்றியுள்ள விளிம்பு) மேனிஃபோல்டில் எங்கே அமர்கிறதென்று பாருங்கள். பிறகு ராடை வைத்து இறக்குங்கள். இரண்டாவது முறை காலர் உயரே நின்றால் ராட் முட்டுகிறது. கிளாம்பை இறுக்கி அதை அமுக்கி உட்காரவைக்காதீர்கள். காலருக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள், அல்லது காலரை நகர்த்தக்கூடிய ஸ்லிப் காலர் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குங்கள். பற்களில் மார்க்கிங் நீலம் பூசிச் சுழற்றினால், தேய்வுத்தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்பதும் தெரியும்.

ஷாஃப்ட்டின் மேல்கீழ் ஆட்டத்தையும் பாருங்கள். 0.010 முதல் 0.020 அங்குலம் வைப்பது வழக்கம். பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை ஆதலால், ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால் ரோட்டாரும் திரும்பும், டைமிங் லைட்டில் குறி நடனமாடும். டைமிங் செயின் தளர்ந்தாலும் அதே அறிகுறிதான், இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: புதிய கியர் மாட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கேம் கியரின் பற்களை முதலில் பாருங்கள். அவை கூர்மையாகிவிட்டிருந்தால், எத்தனை கியர் மாற்றினாலும் வீண், கேமும் மாற வேண்டும். தேய்ந்த கியரின் துகள் ஆயிலில் கலந்திருக்கும். என்ஜினின் அடியில் உள்ள ஆயில் பான் தட்டை இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் எவ்வளவு உலோகம் போனதென்று தெரியும்.

கியரின் பற்களில் மாலிப்டினம் அசெம்பிளி கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் டிரில்லால் பம்பைச் சுழற்றி ஆயில் ஏற்றும்போது, பழைய ஷாஃப்ட்டை மட்டும் உள்ளே செருகி ஓட்டாதீர்கள். ஹவுசிங் பட்டை இல்லாவிட்டால் கேலரி ஆயில் கசிந்து மேலே ஏறாது. பட்டையோடு கூடிய பிரைமிங் டூல்தான் வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒருமுறை தூக்கிப் பற்களைப் பார்த்துவிடுங்கள்.