வயிற்று டயாலிசிஸ்: சவ்வு எத்தனை வருஷம் தாங்கும்?

இடுக்கி, பாலக்காடு தமிழர்களின் கேள்விகளுக்கு, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் பதில் சொல்கிறார். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வயிற்றுக்குள் குழாய் வழியாகப் பையிலுள்ள சர்க்கரைக் கரைசலை விட்டு, வயிற்றின் உள்சவ்வு வழியே கழிவையும் மிச்சத் தண்ணீரையும் வடித்தெடுப்பதுதான் வயிற்று டயாலிசிஸ்.

மூணாறு: அம்மாவுக்கு ஆறு வருஷமாக வயிற்று டயாலிசிஸ். முன்பு 1.5 சதவீதச் சர்க்கரைப் பையிலேயே தண்ணீர் நன்றாக இறங்கும். இப்போது 2.5 போட்டும் கால் வீங்குகிறது. சவ்வு போய்விட்டதா அக்கா?

அதற்குள் முடிவு கட்டாதீர்கள் தம்பி. முதலில் மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். குடல் நிரம்பியிருந்தாலோ, குழாய் நுனி இடம் மாறியிருந்தாலோ வடிவது குறையும். இரண்டும் இல்லையென்றால் சவ்வைச் சந்தேகிக்கலாம். பையிலுள்ள சர்க்கரைதான் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அந்தச் சர்க்கரையும், பையைச் சூடாக்கிக் கிருமி நீக்கும்போது அதிலிருந்து உண்டாகும் வேதிப்பொருட்களும் வருஷக்கணக்கில் சவ்வைக் கெடுக்கின்றன. மேலுள்ள செல் அடுக்கு உதிர்கிறது, அடியில் தழும்பு தடிக்கிறது, புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. 2002-ல் வந்த ஓர் ஆய்வில், நல்ல உடம்பில் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்த அந்த அடி அடுக்கு, எட்டு வருஷம் தாண்டியவர்களிடம் 700 மைக்ரானாக இருந்தது.

ரத்தக்குழாய் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் இல்லை. சர்க்கரை சீக்கிரமே ரத்தத்துக்குள் போய்விடும், அப்புறம் தண்ணீரை இழுக்க ஒன்றும் மிஞ்சாது. டாக்டரிடம், சவ்வு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் 'பெட்' (PET) சோதனை கேளுங்கள். 4.25 பையை நாலு மணி நேரம் வைத்தும், விட்டதைவிட 400 மில்லிகூட அதிகம் வரவில்லை என்றால், சவ்வின் இழுக்கும் சக்தி குறைந்துவிட்டது என்று கணக்கு.

வண்டிப்பெரியார்: அப்படியானால் தினமும் 4.25 பையே போட்டுவிடலாமே?

வீக்கம் இன்றைக்கு வடியும், சவ்வு இன்னும் வேகமாகக் கெடும். டாக்டர் சொன்னால் மட்டும் போடுங்கள். கருவாடும் ஊறுகாயும் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு, பையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதை நான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், வலுவான பையும் குறையும்.

கொழிஞ்சாம்பாறை: சர்க்கரை நோயும் இருக்கிறது. சாதாரணச் சர்க்கரைக்குப் பதில் மாவுச்சத்திலிருந்து எடுத்த ஐகோடெக்ஸ்ட்ரின் உள்ள பை நல்லதா?

நீண்ட நேரம் வயிற்றில் வைக்கும் பைக்கு நல்லது. நாளுக்கு ஒன்றுதான். ஆனால் அதைப் போடுபவர்களுக்குச் சில குளுக்கோமீட்டர்கள் ரத்தச் சர்க்கரையை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கூட்டினால் ஆபத்து. உங்கள் மீட்டர் ஒத்துவருமா என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

தேவிகுளம்: ராத்திரி பையில் வடியும் நீர் கலங்கி வந்தால் காலையில் போகலாமா?

கூடாது. அது வயிற்றுக்குள் தொற்று என்பதன் அடையாளமாக இருக்கலாம். தேனியோ கோட்டயமோ, முதலில் கிடைக்கும் வண்டியில் போங்கள், கலங்கிய பையும் கூடவே வரட்டும். ஒவ்வொரு தொற்றும் சவ்வில் தழும்பு வைத்துவிட்டுத்தான் போகும்.

குமுளி: குடல் முழுக்கச் சவ்வு சுற்றி இறுகிவிடும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் அரிது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு வாய்ப்பு கூடும். ரத்த டயாலிசிஸுக்கு மாறிய பிறகும் வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்று வலி, எடை குறைவு, வடிகிற நீரில் ரத்தம் என்றால், பழைய வயிற்று டயாலிசிஸ் கதையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.