சரளைக்கு அடியில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆறுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் பகுதியில் டிரவுட் மீன்பிடிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஆற்றுப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. தன்னார்வலராகச் சேரப் பெயர் கொடுத்திருக்கிறேன். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை. மாதம் ஒருமுறை ஆற்றுப்பூச்சி எண்ணுவது, வார இறுதியில் கரைவேலை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எனக்கோ பண்ணை மீன்குஞ்சுகளை வாங்கி ஆற்றில் விடுவதுதான் நேரடியான உதவியாகத் தோன்றுகிறது. அதைச் சொன்னால் குழுவில் யாரும் ஆர்வம் காட்டவில்லை. மீன் குறைந்த ஆற்றில் மீன் விடுவதில் என்ன தவறு? பூச்சியை எண்ணி மீனுக்கு என்ன ஆகப்போகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர்கள் ஆர்வம் காட்டாதது நல்ல அறிகுறி. அந்தக் குழுவில் தயங்காமல் சேருங்கள். தூண்டில் பிடிக்கத் தெரியாதது ஒரு குறையே இல்லை.

மீன் விடும் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில், மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற மீனியல் ஆய்வாளர் கணக்கெடுத்தார். பண்ணை மீன் விட்ட பகுதிகளில் ஆற்றிலேயே பிறந்த டிரவுட் குறைந்தது. விடுவதை நிறுத்தியதும் பெருகியது. 1974இல் அந்த மாநிலம் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே கைவிட்டது. தொட்டியில் தீனி தின்று வளர்ந்த மீன் ஆற்றுக்கு வந்ததும் இடத்துக்கும் இரைக்கும் அங்கிருக்கும் மீனோடு முட்டிமோதுகிறது. அதனால் அங்கிருந்த மீன் இடம்பெயர்கிறது, வந்த மீனிலும் பெரும்பகுதி நிலைப்பதில்லை. நிலைத்தது இனக்கலப்பு செய்தால், அந்த ஆற்றுக்கென்றே பல தலைமுறைகளாகப் பழகிய குணங்கள் நீர்த்துப்போகின்றன. இதற்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மீன் குறைந்தது எதனால்? அந்தக் காரணம் அப்படியே இருக்கும்போது எத்தனை குஞ்சு விட்டாலும் அவையும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சரளைக்கு அடியில்.

பழுப்பு டிரவுட் வடகோளத்தில் ஏறத்தாழ நவம்பர் முதல் ஜனவரி வரை முட்டையிடுகிறது. பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துச் சரளையில் பள்ளம் பறிக்கும். முட்டையிட்டதும் நீரோட்டம் வரும் பக்கத்தில் இன்னொரு பள்ளம் பறித்து, அந்தக் கல்லாலேயே முட்டையை மூடிவிடும். முட்டை ஒவ்வொன்றும் நான்கைந்து மில்லிமீட்டர்தான். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் பொரிய ஆறு வாரம் ஆகும். 5 டிகிரியில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பொரிந்த பிறகும் மஞ்சள்கருப் பை கரையும்வரை குஞ்சு கல்லிடுக்கிலேயே கிடக்கும். இத்தனை நாளும் அதன் மூச்சு, கற்களுக்கு இடையே ஊடுருவி ஓடும் தண்ணீரை நம்பியே இருக்கிறது. மாடுகள் மிதித்துச் சரிந்த கரை, உழுத நிலத்திலிருந்து வழிந்த மழைநீர், சாலையோர வடிகால், இவற்றிலிருந்து வரும் நுண்மண் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். மேலே ஆறு தெளிந்து அழகாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் கரைவேலையை மதிப்பதற்கு இதுதான் காரணம். சரளையைக் கிளறிக் கழுவும் நாள் ஒன்றைக் குழு வைக்கலாம். கிளறினால் சேறு போகும். போய் அடுத்த திருப்பத்துச் சரளையில் படியும். எனவே மேல்முனையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் காலையில் கழுவியதை மாலையில் நீங்களே மூடிவிடுவீர்கள். மண் வரும் வழியை அடைக்காமல் கழுவினால் அந்த உழைப்பு ஒரே மழைக்காலம்தான் தாங்கும். ஆற்றோரம் வேலி போட்டு மாட்டுக்குத் தனித் தண்ணீர்த்தொட்டி வைப்பது பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் அதுதான் முதல் வேலை.

ஆற்றில் மரத்துண்டு பொருத்தும் வேலை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நீர்மட்டம் உயர்ந்து மரத்தைத் தாண்டி வழியும்போது, தண்ணீர் மரம் கிடக்கும் திசைக்குச் செங்கோணத்தில் பாயும். கரையில் ஊன்றிய மரத்தின் நுனி நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி இருந்தால் வழியும் நீர் நடு ஆற்றுக்குப் போய் அங்கே பள்ளம் பறிக்கும், சரளையைக் கழுவும். நுனி கீழ்நோக்கி இருந்தால் அதே நீர் பக்கத்துக் கரையைக் குடையும். நல்லெண்ணத்தோடு போட்ட மரம் கரையை அரித்து, அந்த மண்ணே கீழே இருக்கும் முட்டைகளை மூடிய கதையாகிவிடும். நில உரிமையாளரின் அனுமதியும் ஆற்றைப் பொறுப்பேற்றிருக்கும் அலுவலகத்தின் அனுமதியும் கையில் இல்லாமல் ஒரு முளைகூட அடிக்க வேண்டாம். முட்டைக் காலம் தொடங்கி, குஞ்சுகள் சரளையை விட்டு மேலே வரும் வசந்தம் முடியும்வரை ஆற்றுக்குள் எந்த வேலையும் கூடாது. சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்து மங்கியிருக்க, ஓரிடம் மட்டும் துடைத்துவைத்தது போல் வெளுத்து, ஒரு பள்ளமும் அதன் கீழ்ப்புறம் ஒரு மேடுமாகத் தெரிந்தால் அது முட்டைக்குழி. அதில் கால் வைக்காதீர்கள்.

இனி பூச்சிக்கு வருகிறேன். உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிரிட்டனில் தூண்டில்காரர்கள் செய்யும் முறை எளிமையானது. எங்கும் அதன் சாரம் ஒன்றுதான். கைவலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி அடிவிளிம்பு தரையில் படும்படி பிடிக்க வேண்டும். வலைக்குச் சற்று மேற்புறம் நின்று காலால் கல்லைக் கலக்க வேண்டும். மொத்தம் 3 நிமிடம். சரளை, நீர்ச்செடி, ஓரம் என்று அந்த இடத்தில் உள்ளவற்றுக்கு ஏற்ப அந்த நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். பிறகு 1 நிமிடம் பெரிய கற்களைக் கையால் புரட்டி, ஒட்டியிருப்பதை வலைக்குள் தேய்த்துவிட வேண்டும். புதியவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். வலையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே சந்து விடுவார்கள், பாதிப் பூச்சி அடியோடு போய்விடும். அல்லது ஒவ்வொரு மாதமும் ஒவ்வோர் இடத்தில் எடுப்பார்கள். இடம் மாறினால் சென்ற மாத எண்ணோடு ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

பிடித்ததை வெள்ளைத் தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீரோடு நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் தட்டு சூடேறிப் பூச்சிகள் செத்துவிடும். அவை உயிரோடு ஆற்றுக்குத் திரும்ப வேண்டியவை. உடனே எண்ணாதீர்கள், ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். சுள்ளித்துண்டு என்று நினைத்தது நகரும். அது மணலைத் தன் பட்டுநூலால் ஒட்டிக் குழாய் செய்து உள்ளே வாழும் காடிஸ் புழு. முனையிலிருந்து தலையும் ஆறு காலும் வெளியே வரும். தட்டின் தரையோடு தரையாக அப்பிக்கொண்டு நண்டுபோல ஓடுவது தட்டை மேஃப்ளை, அதாவது வளர்ந்தபின் சிறகோடு பறக்கும் பூச்சியின் நீர்ப்பருவம். ஒருக்களித்துச் சாய்ந்தபடி நீந்துவது கம்மாரஸ் என்ற நன்னீர் இறால்பூச்சி. வாலிழை இரண்டே இருந்தால் ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சி என்று ஊகிக்கலாம், மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று. ஆனால் இழை ஒடிந்திருக்கலாம். அதனால் வயிற்றின் இருபுறமும் பாருங்கள். செவுள் தகடு வரிசையாகத் துடித்தால் அது மேஃப்ளை.

கூடுள்ள காடிஸ், கூடில்லாத காடிஸ், மேஃப்ளையில் நான்கு வகை, ஸ்டோன்ஃப்ளை, கம்மாரஸ் என்று மொத்தம் எட்டுக் குழு. ஒரு குழுவில் 1 முதல் 9 வரை இருந்தால் மதிப்பெண் 1. 10 முதல் 99 வரை 2. 100 முதல் 999 வரை 3. ஆயிரமும் அதற்கு மேலும் 4. அதாவது 140ஆ 150ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. கூட்டிய எண், அந்த இடத்துக்கென்று வல்லுநர்கள் வைத்த எச்சரிக்கை எண்ணுக்குக் கீழே போனால் மறுபடி ஒருமுறை மாதிரி எடுங்கள். அப்போதும் குறைவு என்றால் அன்றே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். நாள் கடந்தால் நஞ்சு நீரோடு போய்விடும், தடயம் கிடைக்காது.

2013 ஜூலையில் இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் இப்படித்தான் நடந்தது. மார்ல்பரோவுக்குக் கீழே பூச்சிகள் இல்லாமல் போனதைத் தன்னார்வலர்களின் கணக்கெடுப்பு காட்டிக்கொடுத்தது. குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்திருந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குச் சேதம். மீன் செத்து மிதந்தால் ஊரே பார்க்கும். பூச்சி செத்தால் கல்லைப் புரட்டிப் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். மீனின் இரையும் அதுதான். பூச்சி எண்ணி என்ன ஆகும் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான்.

பயந்து பொய்யெச்சரிக்கை கொடுப்பதும் நடக்கும். செரடெல்லா என்ற மேஃப்ளை குளிர்காலத்தைப் பெரும்பாலும் முட்டையாகவே கழிக்கும். ஜனவரியில் தட்டில் அது இல்லையென்றால் யாரும் நஞ்சு கலக்கவில்லை. இன்னும் சில கோடைத் தொடக்கத்தில் சிறகு முளைத்துப் பறந்துவிடும், எண்ணிக்கை சரியும். வெள்ளம் வடிந்த கையோடு மாதிரி எடுத்தாலும் எண் குறைந்தே இருக்கும். எனவே ஜூனை மேயோடு ஒப்பிடாதீர்கள், போன வருட ஜூனோடு ஒப்பிடுங்கள். ஒன்றும் அகப்படாத மாதமும் பதிவேட்டில் ஏற வேண்டும். பூஜ்யமும் தகவல்தான். வெறுமையாக விட்டால் பின்னால் படிப்பவர், அன்று யாரும் போகவில்லை என்று நினைப்பார்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். டிரவுட் எல்லா ஆற்றுக்கும் சொந்த மீன் அல்ல. நியூசிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே கேலக்ஸியஸ் போன்ற உள்ளூர் மீன்களை அது தின்றும் விரட்டியும் குறைத்திருக்கிறது. உங்கள் ஆற்றில் டிரவுட் வந்தேறி என்றால் குழு எந்த மீனைக் காக்கிறது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

தனியாக ஆற்றில் இறங்காதீர்கள், முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயின் கிருமி ஆற்றுநீரில் இருக்கக்கூடும். கையில் கீறல் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உபகரணம் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். வலையும் தட்டும் குழுவிடமே இருக்கும். காலணி மட்டும் சொந்தமாக வாங்குவீர்கள். அதில் ஃபெல்ட் எனும், கம்பளிபோல அழுத்திய நார்த்துணி அடிப்பாகம் உள்ளதைத் தவிருங்கள். வழுக்காது என்பார்கள், உண்மைதான். ஆனால் உள்ளே ஈரம் நாட்கணக்கில் காயாது, அயல் பாசியும் நோய்க்கிருமியும் அதில் ஏறி அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும். ரப்பர் அடிப்பாகமே எடுங்கள். ஒவ்வொரு முறையும் மண்ணைத் தேய்த்துக் கழுவி, 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, மடிப்பெல்லாம் விரித்துக் காயவையுங்கள். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு நாள் விட்டுத்தான் வேறோர் ஆற்றில் இறங்க வேண்டும்.