ருட்னிட்ஸ்கி ஏன் திரும்பிப் போனார்? – கடிதம்

அன்புள்ள சார்,

மேப் பத்தி போன வாரம் எழுதினதுல ஸ்டெபான் ருட்னிட்ஸ்கின்னு ஒருத்தரை ரெண்டே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. உக்ரைன்னு ஒரு தனி நாடு வர்றதுக்கு முன்னாடியே அதோட புவியியலை எழுதினவர், கடைசில சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு. அது என் மனசை விட்டுப் போகவே இல்ல. தேடிப் பார்த்தா மனுஷன் 1926 வரைக்கும் ப்ராக்ல பத்திரமாத்தான் இருந்திருக்கார், அவராவே சோவியத்துக்குள்ள போயிருக்கார். இவ்ளோ படிச்சவர் இந்த முட்டாள்தனத்தை எப்படி பண்ணார்? ஒரு மேப்புக்காக ஆளைக் கொல்லுவாங்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முட்டாள்தனம்ங்கிற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிக்கோங்க. அவர் எந்த வேலையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சார்னு பார்த்தா நீங்களே வாங்கிப்பீங்க.

1877ல பெரெமிஷ்ல்ல பிறந்தார். அப்போ அது ஆஸ்திரியா-ஹங்கேரி, இப்போ போலந்து. உக்ரைன் ஜனங்க அன்னைக்கு ரெண்டு பேரரசுக்கு நடுவுல கிடந்தாங்க, கிழக்குல ரஷ்யா, மேற்குல ஆஸ்திரியா. ல்விவ் பல்கலைக்கழகத்துல படிச்சார், வரலாறு சொல்லிக்கொடுத்தவர் ஹ்ருஷெவ்ஸ்கி, உக்ரைன் வரலாற்றை முழுசா எழுத உட்கார்ந்த அதே பெரிய மனுஷர். அவர் காலத்தைப் பிடிச்சுக்கிட்டார், சிஷ்யர் நிலத்தைப் பிடிச்சுக்கிட்டார்னு எனக்குத் தோணும்.

மேப்புன்னா கோடு போடறதுதானேன்னு நினைப்போம். இவருக்கு கோட்டுக்கு முன்னாடியே பிரச்சனை, வார்த்தையே இல்ல. பள்ளத்தாக்கு, மேட்டுநிலம், கழிமுகம் இதுக்கெல்லாம் கிராமத்து ஜனங்க கிட்ட ஊருக்கு ஒரு சொல் இருக்கு, ஆனா பாடப்புத்தகத்துல எழுதற மாதிரி நிலைச்ச சொல் கிடையாது. 1908ல அவர் கலைச்சொல் தொகுப்பே ஒண்ணு கொண்டுவந்தார். ஒரு சொல்லை மட்டும் பாருங்க. டினீஸ்டர் ஆத்துக்கு தண்ணி வடிஞ்சு வர்ற மொத்தப் பரப்பு இருக்கே, ஆத்துப்படுகைன்னு நாம சொல்றது, அதுக்கு அவர் எழுதினது 'ஸ்தோச்சிஷ்சே'. வடிஞ்சு ஓடறதுங்கிற வேர்லேர்ந்து வந்த சொல், காதுல விழுந்ததுமே சரிவுல தண்ணி இறங்கறது தெரியும். இன்னைக்கு அங்க பரவலா புழங்கறது 'பஸேய்ன்'ங்கிற வெளிச்சொல்தான். அந்தச் சொல்லைப் போட்டு அவர் எழுதின டினீஸ்டர் ஆய்வு 1913ல வந்துச்சு.

1916ல உக்ரைன் நிலத்தையும் ஜனங்களையும் பத்தி ஜெர்மன்ல பெரிய புத்தகம், அதுதான் 1918ல நியூயார்க்ல இங்கிலீஷ்லயும் வந்துச்சு. அதே 1918ல வியன்னால உக்ரைனோட சுவர் மேப் அச்சாச்சு, பள்ளிக்கூடத்துல மாட்டற சைஸ். யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் அந்தப் பசங்க பார்த்ததெல்லாம் ஒரு பேரரசோட ஓரத்துல தங்க ஊர் இருக்கற மேப், இதுல கார்பேத்தியன் மலையும் டினீப்பர் ஆறும் கருங்கடலும் ஒரே நிலமா நடுவுல இருக்கு.

அவரைப் புனிதர் ஆக்கவும் நான் தயாரா இல்ல. மொழி எங்க பேசறாங்களோ அதுவரை நம்ம நிலம்னு அவர் கணக்கு இப்போ ரஷ்யால இருக்கற குபான் வரைக்கும் போகும், அந்த ஊர்கள்ல மத்த ஜனங்களும் கலந்துதான் இருந்தாங்க. போலிஷ்காரங்க, ரஷ்யர்களோட கல்யாணக் கலப்பு கூடாதுன்னும் எழுதியிருக்கார். அன்னைக்கு ஐரோப்பால நிறைய படிச்சவங்களுக்கு இருந்த நோய்தான், இருந்தாலும் அது தப்பு, அந்தப் பக்கங்களை என்னால ஒத்துக்க முடியல.

இப்ப உங்க கேள்வி. முதல் உலகப் போர் முடியற நேரத்துல உருவான உக்ரைன் அரசுகள் கவிழ்ந்ததும் வியன்னா, அப்புறம் ப்ராக், அங்க அகதிகள் நடத்தின பல்கலைக்கழகத்துல வாத்தியார். பத்திரம்தான். ஆனா மண்ணு அங்க இல்லையே சார்! மேப் போடறவனுக்கு சர்வே வேணும், சென்சஸ் வேணும், காலால நடக்கணும், கூட நடக்க மாணவர்கள் வேணும். இருபதுகள்ல சோவியத் உக்ரைன்ல உக்ரைன் மொழியை பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் கொண்டுவர்ற கொள்கை நிஜமாவே நடந்துக்கிட்டு இருந்துச்சு, ஹ்ருஷெவ்ஸ்கியே 1924ல கீவ் திரும்பிட்டார். அப்போ சோவியத் உக்ரைனோட தலைநகரா இருந்த கார்கிவ்லேர்ந்து கூப்பிட்டாங்க, 1926ல போனார். அடுத்த வருஷமே புவியியலுக்கும் மேப்புக்கும்னு தனி ஆராய்ச்சி நிறுவனம், 1929ல உக்ரைன் அறிவியல் அகாடமி உறுப்பினர். வாழ்நாள் பூரா கேட்டது எல்லாம் கைக்கு வந்த மாதிரி இருந்த நேரம் அது. நானா இருந்தாலும் போயிருப்பேன்.

1933 மார்ச்ல பிடிச்சாங்க. பஞ்சத்துல உக்ரைன் கிராமங்கள் செத்துக்கிட்டு இருந்த அதே மாசங்கள், அதே கையோட படிச்சவங்களையும் அள்ளினாங்க. உக்ரைன் ராணுவ அமைப்புன்னு ஒரு ரகசிய இயக்கத்துல இருந்தார்னு குத்தம், அஞ்சு வருஷம் முகாம். மேப்புக்காகன்னு எந்தக் காகிதத்துலயும் இருக்காது, ஆனா இது தனி நிலம்னு பள்ளிக்கூடப் பையனுக்குக் காட்டின ஆள் மாஸ்கோவுக்கு எப்படித் தெரிஞ்சிருப்பார்னு நினைக்கறீங்க? ஹ்ருஷெவ்ஸ்கியை 1931லயே மாஸ்கோவுக்கு கொண்டுபோயிட்டாங்க, 1934ல செத்துப்போனார்.

வெள்ளைக் கடல்ல சொலோவ்கி தீவு, பழைய மடாலயத்தை சிறையாக்கி வெச்சிருந்தாங்க, அங்க உட்கார்ந்தும் எழுதியிருக்கார், பூமியோட மேலோடு எப்படி அசையுதுன்னு. அந்தக் கையெழுத்துப்பிரதி கிடைக்கல. உக்ரைன் மேப் போடவே விடாத இடத்துல மனுஷன் பூமி முழுசையும் எடுத்துக்கிட்டார்னு நினைக்கறப்போ எனக்கு தொண்டை அடைச்சிடும்.

தண்டனை முடியறதுக்குள்ளயே, 1937 அக்டோபர்ல, புதுசா மரண தண்டனை போட்டாங்க. நவம்பர் 3, ரஷ்யாவோட வடமேற்குல இருக்கற கரேலியால சாந்தர்மோஹ் காடு, அங்கதான் சுட்டாங்க. நாடகக்காரர் லெஸ் குர்பாஸ், கவிஞர் ஸெரோவ் எல்லாம் அதே நாள்தான். சொலோவ்கிலேர்ந்து கொண்டுவந்து சில நாள்ல சுட்டது மொத்தம் 1111 பேர். அறுபது வயசு ஆக அவருக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. 1965ல குத்தம் இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஆனா புதைச்ச இடம் எங்கன்னு 1997ல தேடிக் கண்டுபிடிக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. நிலத்தை இவ்ளோ நுணுக்கமா குறிச்சு வெச்சவர் அறுபது வருஷம் எந்த மேப்லயும் இல்லாத குழியில கிடந்திருக்கார்.

அந்த இங்கிலீஷ் புத்தகம் கிடைச்சா அரசியல் பகுதிக்கு முதல்ல போகாதீங்க, ஆறுகளைப் பத்தி எழுதினதை எடுங்க. பக்கத்துல ஒரு மேப்பை விரிச்சு வெச்சு டினீஸ்டர் மேல விரலை வெச்சுக்கிட்டே படிங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.