மனநல முதலுதவி என்றால் என்ன? பேராசிரியர்கள் அதை ஏன் கற்க வேண்டும்?

மனம் உடைந்து நிற்பவருக்கு, உரிய சிகிச்சை கிடைக்கும்வரை பக்கத்தில் இருப்பவர் தரும் ஆதரவே மனநல முதலுதவி. உலக சுகாதார அமைப்பின் 2011ஆம் ஆண்டுக் கையேடு இதைக் கவனி, கேள், இணை என்று மூன்றே சொற்களில் அடக்குகிறது.

முன்வரிசை மாணவி கடைசி பெஞ்சுக்கு நகர்வதும், கட்டுரைகள் வராமல் நின்றுபோவதும் முதலில் பேராசிரியர் கண்ணில்தான் படும். காயத்துக்குக் கட்டுப்போட அறுவை சிகிச்சை தெரிந்திருக்க வேண்டுமா என்ன? இதுவும் அப்படித்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குறுக்கிடாமல் கேளுங்கள். ஆலோசகரின் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். கூடவே நடந்துபோய் ஆலோசகரிடம் கொண்டுபோய் விடுங்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் தனியே விடாமல் அவசர உதவியை அழையுங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டாலே அந்த எண்ணம் வந்துவிடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.