வேலூர் மாதிரி ஊர்களில் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் வியாபாரத்தை நிஜமாகவே மாற்றிவிட்டனவா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் சிறு ஊர் வியாபாரத்தை மாற்றினவா, இல்லை பழைய வியாபாரமே போனுக்குள் போயிருக்கிறதா என்பது ஒன்று. மென்பொருள் துறையை இவை என்ன செய்தன என்பது இன்னொன்று.

வேலூரைச் சுற்றியுள்ள கடைகளுக்கு பில்லிங், கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்து, பிறகு வரும் சிக்கல்களையும் பார்ப்பது என் தொழில். லாங் பஜார், மண்டித் தெரு, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று கடை கடையாக ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வியாபாரம் நிஜமாகவே மாறிவிட்டது. ரீல்ஸ் போட்டால் கூட்டம் வரும் என்று எல்லாரும் விளம்பரத்தைத்தான் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஆர்டர் எடுக்கும் இடத்தில் நடந்திருக்கிறது. ஆர்டர் முன்பு நோட்டில் இருந்தது. இப்போது பேச்சுக்குள் இருக்கிறது. நல்லது கெட்டது இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன.

குடியாத்தம் லுங்கி வியாபாரத்தைப் பாருங்கள். முன்பு சாம்பிள் துணிகளைக் கட்டிக்கொண்டு ஆள் வெளியூர் போவார். அங்கே மொத்த வியாபாரி பார்த்துச் சொல்லி, இவர் திரும்பி வந்து, தறிக்காரரிடம் சொல்லி, பாவு போட்டு ஆரம்பிப்பதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும். இப்போது அந்த வெளியூர் வியாபாரி தன் கடையில் வேகமாகப் போகும் லுங்கியைப் போட்டோ எடுத்து, வேண்டிய இடத்தில் விரலாலேயே ஒரு வட்டம் போட்டு அனுப்புகிறார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இதே கட்டம்தான், பச்சை வேணாம், மெரூன் போடுங்க, கரை கொஞ்சம் அகலமா வரட்டும்." குடியாத்தத்துக்காரர் அதை அப்படியே தறிக்காரருக்குத் தள்ளிவிடுகிறார். நடுவில் யாரும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

இந்த வாய்ஸ் மெசேஜின் மதிப்பை வெளியில் இருப்பவர்கள் குறைத்தே எடை போடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பல வியாபாரிகள் ஒரே வாக்கியத்தில் உருதும் தமிழும் கலந்து பேசுவார்கள். அவர்கள் பேசுகிற மாதிரி எந்தக் கணக்கு மென்பொருளும் ஒரு திரையைத் தந்ததில்லை. ஒரு மைக் பொத்தான் அந்த வேலையை முடித்துவிட்டது.

அப்புறம் காந்தி ரோடு லாட்ஜ்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் வரையிலிருந்து நோயாளிகள் வருவது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். காட்பாடியில் ரயில் இறங்கியதும் கூட்டிப் போவதற்கு ஆள் நிற்பான், அவன் காட்டிய லாட்ஜில் தங்குவார்கள் என்பது பழைய வழக்கம். இப்போது பலர் ஒரு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டே ரயில் ஏறுகிறார்கள். போன வருஷம் இங்கே தங்கிப் போன பக்கத்து வீட்டுக் குடும்பம் கொடுத்த நம்பர். ரூம் போட்டோ, பாத்ரூம் போட்டோ, வாடகை எல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறார்கள். நான் கணக்கு பார்க்கும் ஒரு லாட்ஜில் அதிகம் வரும் கேள்வி, சமைக்க இடம் உண்டா, கேஸ் அடுப்பு தருவீர்களா என்பதுதான். வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு அதுதானே பெரிய விஷயம்! அந்த அடுப்பின் போட்டோவை முதலில் அனுப்ப ஆரம்பித்த பிறகு ரூம் காலியாகக் கிடப்பது குறைந்தது என்கிறார் லாட்ஜ்காரர். அவருடைய நல்ல பெயரும் கெட்ட பெயரும் அவர் போயே இராத ஊரில், அவருக்குப் புரியாத மொழியில் பேசப்படுகிறது. கட்டில் உடைந்திருந்தால் அடுத்த மாதம் வரப்போகிறவருக்கும் அது தெரிந்துவிடும். ஏமாற்றிப் பிழைப்பது இதனால் கஷ்டமாகியிருக்கிறது. எனக்கு இதில் மனதாரச் சந்தோஷம், நோயாளியோடு வருகிறவர்களை அலைக்கழிப்பதை இந்த ஊரில் நிறையப் பார்த்தாகிவிட்டது.

எல்லாமே போனுக்குள் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். தோல் வியாபாரத்தில் நிறத்தைப் போட்டோ பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே பழுப்பு இரண்டு போனில் இரண்டு விதமாகத் தெரியும். தோலின் மென்மையும் தடிமனும் கையில் பிடித்தால்தான் தெரியும். அதனால் பேச்சுவார்த்தை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஓடினாலும் சாம்பிள் துண்டு இன்றும் கூரியரில்தான் போகிறது, வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட துண்டை வைத்துத்தான் வேலை தொடங்குகிறது.

சரி, மென்பொருள் துறைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் முதலில் அலுவலகத்துக்கு வந்தது, அப்புறம்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சமூக வலைக் கருவிகள் அந்த வழியைத் திருப்பிப் போட்டன. வீட்டில் பேரன் போட்டோ பார்க்க வைத்திருந்த செயலி கடைக்குள் வந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டது. நான் ஒரு பில்லிங் மென்பொருளைப் போட்டுவிட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாள்கணக்கில் உட்கார வேண்டும். வாட்ஸ்அப்பை யாரும் யாருக்கும் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2009-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2014-இல் பேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது அதில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 55 பேர்தான். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கடைகளில் அது பரவிய வேகத்துக்கு எந்த விற்பனைப் பிரதிநிதியும் ஈடு கொடுத்திருக்க முடியாது.

கடைக்காரர்கள் தாங்களாகவே வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்த பிறகுதான் 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. பொருள்களை வரிசையாகக் காட்டும் கேட்டலாக் வசதி 2019 நவம்பரில் வந்தது. கணக்கு மென்பொருள்காரர்களும் வளைந்துகொடுத்தார்கள். டேலி நிறுவனமே 2023 கடைசியில் வாட்ஸ்அப் வழியாக பில் அனுப்பும் வசதியை டேலி பிரைமில் சேர்த்தது. இன்று நான் ஒரு கடையில் டெமோ காட்டப் போனால் ஸ்டாக், ஜி.எஸ்.டி. பற்றிய கேள்வியெல்லாம் அப்புறம்தான். "தம்பி, பில்லு வாட்ஸ்அப்புல போகுமா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் டீயோடு பேச்சு முடிந்தது.

பெரிய நிறுவனங்களிலும் நடந்தது இதே கதைதான். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனம் தன் ஆட்கள் பேசிக்கொள்ளச் செய்துவைத்த உள்கருவியிலிருந்து பிறந்தது, அலுவலகப் பேச்சுக்கான ஸ்லாக் செயலி. அந்த விளையாட்டு 2012-இல் மூடப்பட்டது, கருவி பிழைத்தது. அதைச் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2021-இல் 2,770 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. நிரல் எழுதுபவர்கள் தங்கள் வேலையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் கிட்ஹப் 2008-இல் வந்தது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு 750 கோடி டாலர் கொடுத்தது. காட்பாடியில் பொறியியல் படிக்கிற பையன்கள் வேலை கேட்டு வரும்போது மார்க் ஷீட்டோடு கிட்ஹப் பக்கத்தையும் அனுப்புகிறார்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

இனி எனக்குக் கவலை தருகிற பகுதி. இந்தப் பேச்செல்லாம் நடக்கும் இடம் வாடகை இடம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை போட்டது. சத்துவாச்சாரியில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒரு அக்கா அதுவரை டிக்டாக்கில்தான் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பின்தொடர்ந்த பெண்களின் பெயரோ நம்பரோ அவரிடம் தனியாக இல்லை. திரும்ப இன்ஸ்டாகிராமில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. 2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து சுமார் 6 மணி நேரம் நின்றன. நமக்கு அது ராத்திரி, கடை மூடும் நேரம் என்பதால் தப்பித்தோம். பகலாக இருந்திருந்தால் லாங் பஜாரில் பாதி ஆர்டர் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

அதைவிட அன்றாடத் தொல்லை ஒன்று உண்டு. கடையின் வாடிக்கையாளர் எல்லாரும் விற்பனை பார்க்கும் பையனின் சொந்த நம்பரில் இருப்பார்கள். பையன் வேலையை விட்டுப் போனால் வியாபாரமும் கூடவே போகிறது. பழைய ஆர்டர் நோட்டு கடையை விட்டு நகர்ந்ததில்லை. போன் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வீட்டுக்குப் போகிறது. யார் எவ்வளவு பாக்கி என்று தகராறு வரும்போது ஆயிரம் 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவில் அந்த ஒரு வாய்ஸ் மெசேஜைத் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் என்னிடம் கேட்கிற கடைக்காரர்களுக்கு நான் சொல்வது: வியாபார நம்பரின் சிம் கடை உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும், போன் கடையிலேயே தங்க வேண்டும். பேச்சில் வந்த ஆர்டரை அன்று சாயங்காலமே கணக்கு மென்பொருளிலோ நோட்டிலோ ஏற்றிவிட வேண்டும், துணிக்கடையானால் போட்டோவோடு சேர்த்து. வாடிக்கையாளர் பெயர், ஊர், நம்பர் மூன்றையும் மாதம் ஒரு தடவை தனியாக ஒரு எக்செல் கோப்பில் எடுத்து வைக்க வேண்டும். குடியாத்தத்தில் நான் பார்க்கும் கடைகளில் சிலர் இதைத் தொடங்கிவிட்டார்கள். லாட்ஜ்காரர்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.