பைனாகுலரைத் தூக்கியதும் பறவை தொலைகிறதா?

பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் குருவி பைனாகுலரில் சிக்குவதில்லையா? பெரும்பாலும் குனிந்து கருவியைப் பார்ப்பதால்தான். அந்த நொடியில் கிளை தவறிவிடும். 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் என்றால் பார்வைப் பரப்பும் குறுகல். 8 மடங்கு எனக்குப் பிடித்தது அதனால்தான்.

முதலில் பறவையே வேண்டாம். ஒரு காய்ந்த இலையை உற்றுப் பார்த்தபடி, முகம் அசையாமல் பைனாகுலரை உயர்த்துங்கள். இலை வட்டத்துக்குள் வரவேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் கண்பக்க ரப்பர் வளையத்தை மடக்கிவிடுங்கள்.

இளவேனிலில் பாடும் ஆண் பறவை பெரும்பாலும் அதே உச்சிக்கிளைக்குத் திரும்பும். துரத்தாமல் நில்லுங்கள்.

சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். காலையில் அது தாழ்வாக இருக்கும். லென்ஸ் வழியே பட்டால் கண்ணே போய்விடும்.