தகரம் என்ன விலை, ஐயா?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சின்னச் சபையின் போதகர் நான். முப்பத்தைந்து குடும்பங்கள். கூரைத் தகரம் மாற்றக் கனடாவில் இருக்கும் எங்கள் சபைப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். சபைக்கென்று வங்கிக் கணக்கு இல்லாததால் என் கணக்குக்கே வந்தது. ஒரு ரூபாயும் எனக்கென்று நான் தொடவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒரு அம்மா, "தகரம் இப்ப என்ன விலை, ஐயா?" என்றார். மூப்பர் ஒருவரும் கணக்குக் கேட்கிறார். ஊழியக்காரனை நம்பாத சபையில் எப்படி ஊழியம் செய்வது?

பதில்: தம்பி, அந்த அம்மா விலையைத்தான் கேட்டிருக்கிறார். உங்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

உங்கள் சபைச் சனம் யார் என்று யோசியுங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து திரும்பி, பற்றை வெட்டிக் குடியேறியவர்கள். இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாயைக் கட்டங்கட்டமாக வாங்கி, அத்திவாரத்தைக் காட்டினால்தான் அடுத்த காசு என்று வீடு கட்டிப் பழகியவர்கள். சீமெந்துப் பையின் விலையிலிருந்து மேசன் கூலி வரை அவர்களுக்குப் பாடம். தகர விலை கேட்பது அவர்களுக்கு 'மழை பெய்ததோ' என்று கேட்பது போலத்தான்.

சரி, மூப்பர் சந்தேகப்பட்டே கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? எருசலேமின் ஏழைகளுக்குக் காசு சேர்த்த பவுல், சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். யாரும் தங்களைக் குறை சொல்லக் கூடாது என்று காரணத்தையும் எழுதிவைத்தார். இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். நீங்களே அதில் பிரசங்கம் செய்திருப்பீர்கள்.

என் கதை ஒன்று. ஒரு காலத்தில் சபைக் காணிக்கையை நான் தனியாக எண்ணி, பால்மா ரின் ஒன்றில் போட்டு வீட்டில் வைத்திருந்தேன். ஒருமுறை ஆயிரத்து இருநூறு ரூபாய் குறைந்தது. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு கிழமை நித்திரையில்லை. கடைசியில் காசு என் பாமாலைப் புத்தகத்துக்குள் இருந்தது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து எண்ணியிருந்தால் அந்த ஏழு இரவும் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

இப்போது செய்ய வேண்டியது: சபைக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, இருவர் கையெழுத்தில் சபையின் பெயரிலேயே கணக்குத் திறவுங்கள். அந்த இருவரில் ஒருவராக உங்கள் மனைவி வேண்டாம். கேட்ட மூப்பரையே போடுங்கள். கேட்கத் தெரிந்தவர் அவர்தானே. மிச்சக் காசை வங்கி வழியாகவே மாற்றுங்கள். கடைச் சிட்டைகளை ஒரு கொப்பியில் ஒட்டி, மாதத்தில் ஒரு ஞாயிறு அறிவித்தல் நேரத்தில் வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும். கனடாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் வாசிக்க வேண்டாம். கணவன் இல்லாத ஒரு பெண்ணின் நுண்கடன் தவணைக்குச் சபை உதவினால், தொகையை மட்டும் சொல்லுங்கள். பெயர் உங்களுக்கும் இன்னொருவருக்கும் தெரிந்தால் போதும். முகாம் நாள் முதல் வன்னியில் பட்டியலில் பெயர் வாசிக்கக் கேட்டு அலுத்துப்போன சனம் அது.

அப்புறம், வருகிற ஞாயிறு அந்த அம்மாவைத் தேடிப்போய்த் தகரத்தின் விலையைச் சொல்லுங்கள். சிட்டையும் கையில் இருக்கட்டும். அதைவிட மலிவாக எந்தக் கடையில் வாங்கலாம் என்று அவர் சொன்னாலும் சொல்வார்.